கிழக்குச் சுவரின் நிழல்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேய்த்து வந்த சட்டைகளில் எல்லாம் சிமெண்டுத் தூள். ஆண்டி அண்ணனை நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் கீழே போனேன். பாவம், அவர் என்ன செய்வார்? இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பி நிற்கிறது. அதைச் சுற்றி விரிசல்.

வண்டியை வேறு இடத்தில் போடச் சொன்னேன். "மத்தியானத்துக்கு மேல இந்தக் கிழக்குப் பக்கந்தான் சிஸ்டரம்மா நெழலு. பொட்டியில கரி, தலைமேல வெயிலு, ரெண்டையும் ஒண்ணா தாங்க முடியாதுங்க" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அது தலையில் விழுந்தால்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் குப்புராஜ் வழக்கம்போல ஆரம்பித்தார். பென்னாகரம் ரோட்டிலேயே நம்ம கட்டடம்தான் கெட்டியாம். சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துச் சுவரும் நோயாளியாகத் தெரிகிறதாம். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு நன்றாகக் கிடைத்தது.

கத்திக் கத்தித் தொண்டை போனதற்கு ஒரு பலன். நான் கேட்டபடி ட்ரோன் விட்டு வெளிச்சுவர் முழுக்கப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். மூன்றாம் மாடி கிருஷ்ணப்பனுக்குத் தெரிந்த பையன் சேலத்தில் அந்த வேலைதான் செய்கிறானாம். செப்டம்பர் பதினான்காம் தேதி வருகிறான்.

செப்டம்பர் 3, புதன்

ஆண்டி அண்ணன் வண்டியை எதிர்ப்பக்கத்துப் புங்க மரத்தடிக்கு மாற்றிவிட்டார். என் நச்சரிப்பு தாங்காமல்தான். அங்கே கடை போட்டிருக்கும் இளநீர்க்காரன் முறைக்கிறானாம். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஐயோ, இவர்களை என்னதான் செய்வது.

என் கூடப்பிறந்த அண்ணன் மகள் வளைகாப்புக்கு லீவு போட்டுப் பென்னாகரத்தில் நாலு நாள் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிழக்குச் சுவர் பளபளவென்று நிற்கிறது. இளம்பச்சை. தொங்கு சாரம் கட்டி, விரிசலுக்கெல்லாம் பட்டி பார்த்து, இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்த உப்பலை ஓரத்தில் தேய்த்து, மட்டமாகத் தெரிகிற மாதிரி பட்டியை இழுத்துவிட்டிருக்கிறார்கள். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கிட்ட நின்று வேலை வாங்கியது யார்? என் வீட்டுக்காரர்! முப்பது வருசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுசன். "கேமரா வருதே சசி, அழுக்குச் சுவத்தையா காட்டறது? கல்யாண வீடியோன்னா வூட்டுக்கு வெள்ளை அடிக்கிறதில்ல?" என்கிறார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாராம். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

டாக்டரிடம் போகும்போது புண்ணுக்குப் பவுடர் போட்டு மறைப்பாங்களா யாராவது? சொன்னேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தபோது முகம் செத்துப்போனது. அப்புறம் அவரை என்னத்தத் திட்டுவது?

செப்டம்பர் 14, ஞாயிறு

திருவிழாதான். வாசலில் கோலம். இரண்டாம் மாடி லூர்துமேரி அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்த பட்டுப் புடவையை மாற்றாமல் பால்கனியில் நின்று ட்ரோனுக்குக் கை காட்டினார்கள்.

வந்த பையன் பெயர் அறிவழகன். சுவரைப் பார்த்ததுமே நின்றுவிட்டான். "எப்பங்க பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டான். குப்புராஜ் பெருமையாகச் சொன்னார். கேமரா மேலே தெரிவதைத்தான் எடுக்கும், பூச்சு உள்ளே சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்பது சாரம் கட்டித் தட்டி, சத்தத்தைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று அறிவழகன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். இது கொத்தனார் பேச்சு, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதைச் சொல்லு தம்பி என்றார் குப்புராஜ்.

சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் வீடியோ வந்தது. கீழே குப்புராஜ் போட்ட ஒரு வரி: 'விரிசல் எதுவும் இல்லை.' அதற்குக் கட்டைவிரல்கள், மாலைகள். அறிவழகன் சொன்ன மற்றதை நான் எழுதிப் போட்டேன். யாரும் பதில் போடவில்லை. கனிமொழி மட்டும், அவள் புதுசாகக் குடிவந்தவள், 'விடுங்க சிஸ்டர்' என்று தனியாக அனுப்பினாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆண்டி அண்ணன் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

ஓடினேன். அந்த இளம்பச்சைக்குக் கீழே நிம்மதியாகச் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார். "மிசினே வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சுங்களே. நீங்க கூப்ட்ட மிசினுதானுங்க?" என்றார்.

ஆமாம். நான் கூப்பிட்டதுதான். விளக்கிச் சொல்லச் சொல்ல என்னைப் பாவமாகப் பார்த்தார். இளநீர்க்காரன் வண்டிமேல் தண்ணீரை வாரி ஊற்றினானாம், அங்கே இனிமேல் போக மாட்டாராம். ட்ரோன் என்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மனுசன் மரத்தடியிலேயே இருந்திருப்பார். இல்லையா?

அக்டோபர் 5, ஞாயிறு

இராத்திரியெல்லாம் மழை. காலையில் பச்சைக்கு நடுவே ஈரம் திட்டாகத் தெரிகிறது. சரியாக அதே இடம். படம் எடுத்துப் போட்டேன். மழை பெய்தால் எல்லார் வீட்டிலும் ஈரம்தான் என்றார் குப்புராஜ். சாரம் கட்டுவதைத் தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாமாம்.

என் வீட்டுக்காரர் தானே அலைந்து இரண்டு கொத்தனார்களைக் கேட்டுவிட்டார். பண்டிகை முடியாமல் ஒருவரும் வருவதாக இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

வண்டியில் துணி மலையாகக் குவிந்திருக்கிறது. பக்கத்தில் ஆண்டி அண்ணன் மனைவி காசியம்மாள் மடித்துக் கொடுக்கிறாள். இன்றும் சொன்னேன். "தீபாவளி போவட்டும் சிஸ்டரம்மா, நகந்துக்கறேன்." எல்லாருக்கும் தீபாவளி போகணும். சுவருக்குத் தெரியுமா அது?

அக்டோபர் 18, சனி

டூட்டியில் இருந்தேன். இவர் போன். "சசி, சசி" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்காக நின்றேன். காசியம்மாள் மடித்த துணியைக் கொடுக்க மாடிக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். ஆண்டி அண்ணனுக்கு முதுகில் விழுந்திருக்கிறது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "துணியெல்லாம் மண்ணாயிருக்குமே" என்றார்.

கால் விரல்களைக் கிள்ளினேன். ஓங்கிக் கிள்ளினேன். அவருக்குத் தெரியவே இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெளியே வெடிச் சத்தம். எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஆண்டி அண்ணனால் இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காசியம்மாளிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், இன்று சுற்றி வளைத்துப் பேசினேன். நான் சொல்லி முடிக்குமுன் அவளே, "வூட்ல படுத்துட்டாவது பேசிக்கிட்டு இருப்பாருதானே?" என்று கேட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

விழுந்த இடத்தைப் பூசி அதே பச்சையை அடித்துவிட்டார்கள். மற்ற இடத்தை மழை விட்ட பிறகு தட்டிப் பார்ப்பார்களாம். சங்கத்துக்கு இப்போது நான் போவதில்லை.

மதியம் கீழே சத்தம். எட்டிப் பார்த்தால் காசியம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்துகிறாள். இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். வேண்டாம் தாயே, இங்கே வேண்டாம் என்றேன். கையை விடுவித்துக்கொண்டு பெட்டிக்குக் கரி போட்டாள். "வேற எங்கம்மா நிக்கச் சொல்றீங்க?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ நீளமாக ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்தார். அவள் தலைக்கு மேலே சுவரை ஒவ்வொரு இடமாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கழி முதல் மாடி வரைக்கும்தான் எட்டியது. நுனிக்காலில் நின்று பார்த்தார். காசியம்மாள் நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மேலே வந்து, தேய்க்கக் கொடுக்க வேண்டிய துணிகளை எடுத்து வைத்தேன்.