மைக்கில் நான் மாற்றிச் சொன்ன சொல்

சார்,

நேற்று ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உள்ளே ஒயர் ஆடாமல் இருக்க எப்போதோ நான் மடித்துச் செருகிய காகிதம் ஒன்று கிடந்தது. மஞ்சள் நோட்டீஸ். ஓரம் கருகியிருந்தது. பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். "கட்டற்ற மென்பொருள் முகாம். அனைவரும் வருக." நானே படித்தேன், யாரும் படித்துக் காட்டவில்லை. படித்து முடித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்த வயதில் எனக்குப் படிக்க வருகிறதே என்கிற சிரிப்பு. பிறகுதான் அது எந்த நோட்டீஸ் என்று உறைத்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு வரிக்கு வெகுநேரம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் சரியாக வந்து உட்காரும்போது சந்தோஷமாக இருக்கிறது. உங்களுக்கு எழுதும் மடலில் சந்தோஷத்தைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். எனக்குப் பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு மைக்செட் கொட்டகை, ஒரு பழைய ஆட்டோ. சாவு, கூழ் ஊற்றுவது, கடை திறப்பு, எதுவானாலும் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது என்பது என் வீட்டுக்காரிக்கும் டீக்கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். ஒருமுறை படித்துக் காட்டினால் போதும், மனதில் நின்றுவிடும். மற்றவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்தால், அதைப் பார்த்துத் தலையாட்ட எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் முதல்முதலாகக் கொட்டகைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா?

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஒரு அறிவிப்பு சொல்லணும்" என்றீர்கள்.

"அண்ணாச்சியா? நான் என்ன இங்க மளிகைக் கடையா வச்சிக்கினு இருக்கேன்?"

"எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம்."

"கூப்புடுங்க, கூப்புடுங்க. துவரம்பருப்பு மட்டும் கேட்டுடாதீங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பில் என் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பிறகு, ஷிப்டு இல்லாத நேரத்தில் நீங்களும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து செய்கிற வேலையைச் சொன்னீர்கள். கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளை ஒரு கம்பெனி பூட்டி வைத்துக்கொள்ளாமல், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டால் அதுதான் கட்டற்றது என்றீர்கள். அதைத் தமிழிலேயே ஓட்டிக் காட்டப் போகிறோம் என்றீர்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். யாரும் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. டவுன்ஷிப்பில் ஒரு மன்றத்தின் ஹாலை நாலு மாதம் நடந்து கேட்டு வாங்கியிருந்தீர்கள்.

"ஒரு தடவ படிச்சுப் பாருங்க அண்ணாச்சி. எதும் புரியலன்னா கேளுங்க" என்று அந்த நோட்டீஸை நீட்டினீர்கள். நான் வாங்கி, உதட்டை அசைத்து, கீழ்வரை கண்ணை ஓட்டி, "எல்லாம் சரியா இருக்குங்க" என்றேன்.

நீங்கள் போனதும் டீக்கடைக்குப் போனேன். டீக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அது என்னாய்யா கட்டற்ற? கட்டணம் அற்றன்னு போடறதுக்குப் பதிலா எவனோ பாதிய முழுங்கிட்டான். இலவசம்னு சொல்லு, ஜனங்களுக்கு அப்பதான் புரியும்."

"மென்பொருள்னா?"

"கம்ப்யூட்டரு சாமான்."

அரசாங்கம் மிக்சி, ஃபேன், லேப்டாப் என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம். அன்று சாயங்காலம் நான் வடக்குத்து முழுக்கச் சுற்றினேன். "இலவச கம்ப்யூட்டர் முகாம்! இலவச கம்ப்யூட்டர் முகாம்!" அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இலவசம் என்று எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு வரி சொல்லிச் சொல்லி என் நாக்கு பழகியிருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னேன். "குடும்ப அட்டை நகலுடன் வரவும்."

ஞாயிற்றுக்கிழமை ஹால் கொள்ளவில்லை. கைக்குழந்தையோடு வந்தார்கள், சாக்குப் பையோடு வந்தார்கள், எல்லார் கையிலும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். நீங்கள் மேடையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு மைக்கைப் பிடித்துப் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். யார் கேட்டார்கள்? நீங்கள் மென்பொருளைப் பதிந்து வைத்திருந்த சிடிக்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்ததும் சத்தம் இன்னும் கூடியது.

"இத்த வச்சிக்கினு என்னா பண்றது? எங்கூட்டு டிவியே ரிப்பேரு."

"கம்பங்கொல்லையில கட்டி வுடு, குருவி வராது."

கூட்டம் கலைந்ததும் ஹால் பொறுப்பாளர் வந்தார். நாற்காலி உடைந்திருந்தது. "ரேஷன் கார்டுன்னு யார் சொல்லச் சொன்னது?" என்று கத்தினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒயர் அவ்வளவு நீளம் கிடையாது சார்.

"நான்தான் சொல்லச் சொன்னேன். வார்த்தைய சரியா யோசிக்கல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அந்த ஹால் உங்களுக்குக் கிடைக்கவில்லை. வேறு எந்த இடமும் கிடைக்கவில்லை. வடக்குத்து பஸ் நிறுத்தத்தில் நீங்கள் இறங்கினால், "சார், நம்ம பொட்டி எப்ப வரும்? டோக்கன் உண்டா?" என்று கேட்பார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே போவீர்கள். நான் ஆட்டோவுக்குள் இருப்பேன். வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொன்னால், அறிவிப்புச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு ஒரு நோட்டீஸ் படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

நீங்களோ, "உங்க கொட்டகையில நடத்தலாமா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டு என்னிடமே வந்தீர்கள். ஸ்பீக்கர்களை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, யாரோ தூக்கிப் போட இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்தோம். கீபோர்டில் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தால் அன்று உங்களுக்குத் திருவிழா.

ஒருநாள் என்னை அழைத்து, "ஒரு உதவி அண்ணாச்சி. இதுல எந்தப் பட்டன் சரியா வேல செய்யலன்னு பாக்கணும். நான் தொட்டுக் காட்டிப் பேரச் சொல்லுதேன், நீங்க அமுக்குங்க. பட்டன்ல இருக்கதுதான் திரையில வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள்.

"இது க. வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"இது ப."

அப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமை! ஒரு கீபோர்டில் அத்தனை நாள் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. பிறகு, "எனக்குக் கண்ணு வலிக்கு, இன்னைக்கு நீங்களே பேரச் சொல்லி நீங்களே அமுக்குங்க" என்றீர்கள். அமுக்கினேன். சொன்னேன். அம்மா என்று எழுதினேன், ஆட்டோ என்று எழுதினேன். என் வீட்டுக்காரியின் பெயரை எழுதிவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல எங்க நானு? ஒண்ணும் தெரியல" என்று அவள் சொன்னதும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஒருநாள் நான்தான் கண்டுபிடித்தேன். "சார், இங்க ழ அமுக்குனா ள விழுதுங்க." நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். ஒட்டியதில் தவறில்லை, மென்பொருளில்தான் தவறு. அதைச் செய்து எங்கேயோ இருக்கிறவர்களுக்கு அன்றே எழுதினீர்கள். சில மாதம் கழித்துத் திருத்திவிட்டதாகப் பதில் வந்தது. அதில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். அதை ஐந்து பேர் முன்னால் உரக்கப் படித்தீர்கள்.

"பிழையச் சொன்னவங்கள இங்க யாரும் திட்டமாட்டாங்க அண்ணாச்சி. மறைச்சு வச்சாத்தான் அடுத்தவன் போயி அதுல விழுவான்."

வாய்வரை வந்தது சார். அன்றும் சொல்லவில்லை.

அந்த ஹால் கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் கொண்டுவந்த எந்த நோட்டீஸையும் என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. "நான் படிக்கேன், நீங்க கேளுங்க" என்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. பட்டதையும் உள்ளே தள்ளி வைத்தேன்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. காலை ஷிப்டுக்குச் சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லை. உங்கள் கூட்டத்து ஆள் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அறிவிப்பை யாரிடமும் எழுதி வாங்கவில்லை. ஒரு தாளை எடுத்து நானே எழுதினேன். முதல்முதலாக என் கையால் எழுதி, பார்த்துப் படித்துச் சொன்ன அறிவிப்பு உங்களுடையதுதான். மதியம் இரண்டு மணிக்கு உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்கிறார்கள், அதுவரை குவார்ட்டர்ஸில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். டவுன்ஷிப்பில் இருந்தவர்களை எல்லாம் அப்படித்தான் கொண்டுபோய்விடுகிறார்கள். எங்களுக்கு இங்கே ஒரு மண்மேடுகூட மிஞ்சுவதில்லை.

வடக்குத்தில் தெருக்குழாய் அருகே ஆட்டோவை மெதுவாக்கினேன். குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கிட்டே வந்து கேட்டாள்.

"எந்த சாருங்க?"

"ஞாயித்துக்கெழம நம்ம கொட்டாயில கம்ப்யூட்டரு காட்டுவாரே."

"ஓ, கம்ப்யூட்டரு தரேன்னு ஏமாத்தனாரே, அந்த சாரா?"

நான் மைக்கை அணைத்திருக்கவில்லை. அவள் சொன்னது குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இறந்த அன்றும் உங்கள் பெயர் என் ஸ்பீக்கரிலேயே அப்படிப் போனது. தாளைக் கீழே போட்டேன்.

"அவரு ஏமாத்தல. நோட்டீஸ்ல இலவசம்னு இல்ல. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் மாத்திச் சொன்னேன். ரேஷன் கார்டும் நான்தான் சேத்தேன். பழிய அவரு ஏத்துக்கினாரு."

மைக்கில்தான் சொன்னேன். வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். "ரெண்டு மணின்னுதான சொன்ன? போ, சீக்கிரம் போ" என்றாள். இன்னும் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.

உங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டம்மாவிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுது ஓய்ந்திருந்த முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும் அண்ணாச்சி. 'அவரா ஒருநா வந்து சொல்லுவாரு, நீ ஒண்ணும் கேட்டுறாத'ன்னு சொல்லியிருந்தாக. ஞாயித்துக்கிழமை வந்ததும் நானும் கேப்பேன், 'இன்னைக்காவது சொன்னாரா'ன்னு. 'இல்ல, டீ வாங்கியாந்தாரு'ன்னு சொல்லிச் சிரிப்பாக."

ஆமாம் சார். வாய்வரை வரும்போதெல்லாம், தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ வாங்க எழுந்து போய்விடுவேன். அது உங்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைத் திறக்கிறேன். உங்கள் நாலு பேரில் இரண்டு பேர் வருகிறார்கள். அந்தப் பெண் வருகிறாள். கூட்டத்தின் நடுவில் யாராவது டீ வேண்டும் என்பார்கள். வேறு யாராவது போய் வாங்கி வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். நான் எழுந்திருப்பதில்லை.