அண்ணி நிரப்பிய படிவம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. அண்ணன் போன பிறகு இரண்டு வருடம் எட்டிப் பார்க்காதவள், காரியம் ஆக வேண்டும் என்றதும் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்தால் தப்பில்லை, காரியம்தான்.

இங்கே ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. வயதாக ஆக எல்லோருடைய மூளையிலும் இரும்புச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகப் படியுமாம். நோய்நொடி இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு இருக்கும் என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அறுபத்தாறு வயதில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத ஆள் கிடைத்ததில் டாக்டரம்மாவுக்கு ஒரே குஷி. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்தவள் அல்லவா!

ஒரு சிக்கல். என்னைப் பத்து வருடத்துக்கு மேல் தெரிந்தவர் ஒருவர், என் ஞாபகசக்தி எப்படி என்று எழுதித் தர வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார்? படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கும் நேரத்தில் நிரப்பிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
(நீங்கள் வைத்த பெயரில்) வாயாடி


மார்ச் 11

வாயாடிக்கு,

நலம்தான். முழங்கால் மட்டும் மெஷினோடு சேர்ந்து கிறீச்சிடுகிறது.

உன் தலைக்குள் இரும்பு இருப்பதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதற்கு? என்னைக் கேட்டிருந்தால் நாற்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

படிவத்தை நீ பார்க்கக்கூடாது என்று போட்டிருந்தது. நிரப்பி நேராக அவர்களுக்கே தபாலில் போட்டுவிட்டேன். உன் அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாயே, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் அதில் கேட்கவில்லை.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணி,

நன்றாக மாட்டிவிட்டீர்கள்! டாக்டரம்மா படிவத்தோடு என்னைக் கூப்பிட்டார்.

"இவளுக்கு ரெண்டு வருஷமா நான் ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சுன்னு உங்க அண்ணி எழுதியிருக்காங்க. அப்படின்னா உங்களை இதுல சேர்க்க முடியாதும்மா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நிஜமாவே அவங்களை ஞாபகம் இல்லையா?" என்றார்.

"நல்லாவே இருக்கு டாக்டர். அதனாலதான் போகல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

'அண்ணன் இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை' என்று சொன்னவள் நான்தான். மறுநாளே மன்னிப்புக் கேட்க வந்தேன், அண்ணி. ஜன்னல் வழியே பார்த்தேன். நீங்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தீர்கள். எதிரே அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே வரக் கால் எழவில்லை. அப்புறம் நாளாக ஆக வெட்கம்தான் கூடியது.

டாக்டரம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு பரீட்சையும் வைத்தார். பதினைந்து சொற்கள் சொல்லி, அரைமணி கழித்துத் திருப்பிக் கேட்டார். பதினான்கு சொன்னேன். கேட்காமலே என் பழைய ரூட்டின் நிறுத்தங்களையும் வரிசையாக ஒப்பித்தேன். அவரே "போதும், போதும்" என்று சிரித்துவிட்டார்.

கொண்டை ஊசி வரைக்கும் கழற்றி வாங்கிக்கொண்டு ஸ்கேனுக்குள் தள்ளினார்கள். பழைய பஸ் மேடு ஏறுகிற சத்தம். நான் தூங்கியே போனேன்! படத்தில் மூளை நடுவே இரண்டு பக்கமும் கறுப்பாகத் தெரிந்தது. அதுதான் இரும்பாம். "உங்க வயசுக்கு இது சகஜம்மா" என்றார்.

ஆனால் கேலி இல்லாமல் வேறு படிவம் நிரப்பித் தர வேண்டுமாம். அனுப்பியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

வாயாடி


ஏப்ரல் 3

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை மெஷின்மேலேயே வைத்துப் படித்ததில் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை நனைந்துவிட்டது. இஸ்திரி போட்டுக் காயவைத்தேன்.

அன்று ஜன்னலில் நிழல் விழுந்ததைப் பார்த்தேன். தபால்காரர் என்று நினைத்துவிட்டேன். நீ என்று தெரிந்திருந்தால் காதைப் பிடித்து உள்ளே இழுத்து, அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்திருப்பேன். அது காலியாகக் கிடப்பதைத் தனியாகப் பார்ப்பது எனக்கு மட்டும் சுலபமா?

படிவத்தைத் தபாலில் அனுப்ப மனமில்லை. வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். டாக்டரம்மா எதிரிலேயே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். எழுபது வயதுத் தலை தேவைப்பட்டால் என்னுடையதையும் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

நீ நிறுத்தத்துக்கு வந்துவிடு. பை கனமாக இருக்கிறது. எத்தனை நாள் தங்குவேன் என்று முடிவு செய்யாமல் துணி எடுத்து வைத்ததில் வந்த வினை.

அன்புடன்,
உன் அண்ணி