விரலில் இல்லாத வலி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கூரியரில் கடிதம். அடுத்த வியாழக்கிழமை அந்த விரலை எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று அண்ணி சொன்னார். இதைப் படித்து முடிக்கும் வரையாவது பொறு.

முதலில் என் சந்தோஷத்தைக் கேள். நேற்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எலியின் தண்டுவடத்திலிருந்து சீவிய மெல்லிய துண்டில் ஒரே ஒரு செல்லின் மின்துடிப்பைப் பதிவு செய்வதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. வலியைக் கொண்டுவரும் நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டினேன். நான் நிறுத்திய பிறகும் செல் நிறுத்தவில்லை. லேசாகத் தொட்டாலும் அலறியது. கம்பி தளர்ந்திருக்கும் என்று இரண்டு நாள் இயந்திரத்தைத் திட்டித் தீர்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பேராசிரியை வந்து பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. செல்லு நிஜமாத்தான் கத்துது, நீதான் நம்ப மாட்டேங்குற" என்றார்.

நரம்பு, குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை விட்டுத்தான் தண்டுவடத்துக்கு வலியைச் சொல்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகையை, சாதாரண நாளில் மக்னீசியம் தக்கை மாதிரி அடைத்திருக்கும். வலி விடாமல் வந்தால் தக்கை பிடுங்கிக்கொள்ளும். பிறகு சட்டை நுனி உரசினாலும் நெருப்புதான். மருந்து விட்டு அந்த ஏற்பியை அடைத்தேன், செல் அடங்கியது. மருந்தைக் கழுவினேன், மறுபடி கத்தியது. புத்தகத்தில் எப்போதோ படித்த விஷயம்தான். கண்ணால் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

அச்சு இயந்திரத்தில் நசுங்கிய உன் விரல் ஆறி ஒரு வருடம் ஆகிறது, வலி மட்டும் போகவில்லை. காயம்தான் ஆறிவிட்டதே, இவன் ஊதிப் பெரிதாக்குகிறான் என்று முதலில் சொன்னது அப்பா இல்லை, நான். நாலெழுத்துப் படித்தவள் சொன்னதால் வீடே நம்பியது. ஊதிப் பெரிதாக்கியது உன் தண்டுவடம், அண்ணா. விரலை எடுத்தாலும் அது ஓயாமல் போகலாம், இல்லாத விரலே எரியலாம். உன் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வியாழனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன். ஒரே நாளில் தீரும் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வழி இருக்கிறது.

அண்ணி இன்னொன்றும் சொன்னார். "விரலே இல்லன்னா நடிக்கிறேன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல" என்றாயாம். எங்களிடம் காட்ட உனக்கு ஒரு சாட்சி தேவைப்படும்படி செய்துவிட்டோம். வேண்டாம் அண்ணா. வலிக்கிறது என்று நீ சொன்னாலே போதும், நான் நம்புகிறேன். பத்து விரலோடும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நம்பாமல் போன
தங்கை