பின்னால் சுவர் இல்லாத போட்டோ

அன்புள்ள மாமாவுக்கு, துபாயிலிருந்து ஈஸ்வரி. சுகர் மாத்திரை போடுகிறீர்களா, அதற்கும் நான் வந்து திட்டணுமா?

நான் கூட்டிப் பெருக்குகிற மைதானத்தில் போன வருஷம் மாற்றுத்திறனாளிகள் போட்டி நடந்தது. அப்போது போட்ட சாய்வுப் பாதையை இன்னும் பிரிக்கவில்லை. கால் இல்லாதவர்கள், கிழவர்கள் எல்லாரும் தினமும் அங்கேதான் நடக்கிறார்கள். பலருக்குச் சுகரே குறைந்ததாம். நேற்று ஒருத்தர் ஒற்றைக்காலோடு கக்கத்தில் கட்டை ஊன்றிப் போனார். முதுகு அப்படியே உங்களுடையது. "யோவ் மாமா, எப்போ வந்தே?" என்று கத்திவிட்டேன். திரும்பினால் வேறு யாரோ! ஒரே சிரிப்பு. ஆனால் அதிலிருந்து காலி மைதானத்திலும் கட்டைச் சத்தம் கேட்கிறது, திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

கும்மிடிப்பூண்டி மில்லில் கால் போனதிலிருந்து நீங்கள் வாசல் தாண்டவில்லை. நம்ம பையன் குணா அனுப்பும் போட்டோவில் எல்லாம் உங்களுக்குப் பின்னால் அதே வீட்டுச் சுவர்தான். கட்டையை எடுத்துக்கொண்டு டீக்கடை வரை போங்கள். "இன்னா கலியா, உயிரோடதான் கீறியா?" என்று நாலு பேர் கிண்டல் பண்ணட்டும். அங்கே ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சிரிக்கக்கூட வேண்டாம், பின்னால் சுவர் இல்லாமல் இருந்தால் போதும்.

வேலை வண்டி வந்துவிட்டது.

ஈஸ்வரி