உள்ளே மடித்து வைத்த நாலாவது ஒயர்

இன்று காலை நம் கடையில் ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றினேன். வார்னிஷ் வாசனை குப்பென்று அடித்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. வாசனை மூக்கில் ஏறியதும் முதலில் வந்தது உன்மேல் கோபம்தான்.

சாந்திபுரத்தில் மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா சித்தூர் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்த மோட்டார். நீ செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டியது. இப்போது புதிதாக வாங்கிய புல் வெட்டும் மெஷினில் மாட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதாம்.

"பிளக்குல ரெண்டு ஒயரையும் மாத்திப் போட்டுப் பாத்தேன் நைனா. அப்பவும் ரிவர்ஸ்லயே சுத்திக்கினு கீது" என்றார்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் பிளக்கை ஆயிரம் முறை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை இடம் மாற்றவேண்டும். அதற்கு அவை வெளியே வந்திருக்க வேண்டுமே! வழக்கம்போல மூன்றே ஒயர்.

இதற்குத்தானே சண்டை போட்டோம். நாலு ஒயரை வெளியே விடு, திசை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "நான் கட்டின மோட்டாரு நான் சொன்ன பக்கம்தான் சுத்தும், போடா" என்றாய். ஒரு முனையை உள்ளேயே இணைத்து, மேலே வார்னிஷையும் ஊற்றிவிடுவாய். பிரிக்கப் போனால் காயில் முழுதும் கெட்டுவிடும். ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே உன்னை முரடன் என்றேன். அதன்பிறகு ஒரே மேசையில் பேசாமல் வேலை செய்தோம். சர்ச்சில் திருவிருந்து ஞாயிறன்று, பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நீ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாய். நான் ஃபேனைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமையே நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

இன்று உன்னைத் திட்டிக்கொண்டே உள்ளே கையை விட்டேன். இணைப்பின்மேல் வார்னிஷ் இல்லை. முனைகளை நீளமாக விட்டு, மஞ்சள் ஸ்லீவ் குழாய் மாட்டி, நூலால் மடித்துக் கட்டியிருந்தாய். நாலாவது ஒயர்!

"இத எப்ப வாங்கிக்கினு போனீங்க?"

"அவரு சாவறதுக்கு ரெண்டு நாளு முன்னதான் நைனா."

வாயைத் திறந்து சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்? ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிட்டேன். மோட்டார் சரியான பக்கம் சுற்றியது. அக்கா சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்து தொலைத்தது.

ஞாயிறுதோறும் நம் பெஞ்சில்தான் உட்காருகிறேன். சமாதானம் சொல்லச் சொன்னதும் கை தானாக உன் பக்கம் போகிறது. அங்கே இருப்பவர் யாரோ பிடித்துக் குலுக்குகிறார். அன்றே நான் முதலில் நீட்டியிருக்கலாம். நீ பிடித்திருப்பாய். அது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, முரடா.