மூன்றாவது கிளாஸ்

லிகூரியா, இத்தாலி
28 மே 2025

கிளிபோட்டுக்கு,

அன்புள்ள என்று தொடங்கப் பேனா எழும்பவில்லை. அதனால் வெறும் பெயரோடு தொடங்குகிறேன். உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதே. எங்கள் முதலாளியம்மா லூச்சியாவின் பார்வையாளர் புத்தகத்தில் வீட்டு இலக்கத்திலிருந்து தபால் குறியீடு வரைக்கும் நீயே முத்து முத்தாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாய்.

நீங்கள் பத்துப் பேரும் வந்துபோய் இன்றைக்கு எட்டு நாள். இரண்டு நாளில் மூன்று குடும்பப் பண்ணை, ஒவ்வொன்றிலும் மூன்று கிளாஸ் வைன், இடையில் கடலைப் பார்த்துப் படம். கனடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், அதில் எனக்குக் குறையில்லை. மற்ற ஒன்பது பேரும் ஊற்றியதைக் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள். நீ முதல் இரண்டு கிளாஸையும் தொடவில்லை. மூன்றாவதை வாயில் எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேசையிலிருந்த பித்தளைப் பாத்திரத்தில் துப்பினாய்.

அந்த மூன்றாவது நான் செய்தது. திராட்சையைத் தட்டில் பரப்பி இரண்டு மாதம் உலரவைத்து, அழுகினதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எறிந்து, பிறகு பிழிகிற இனிப்பு வைன். வருடத்துக்கு இருநூறு போத்தல்கூட வராது. அந்தப் பழம் காய்க்கிற மலையைப் படிக்கட்டுப் போல நிறுத்தி வைத்திருக்கிற கல்மதில்களை மழைக்குப் பிறகு திரும்ப அடுக்குகிறவனும் நான்தான். என் முதுகைக் கேட்டால் சொல்லும்.

வைன் தெரிந்தவர்கள் துப்புவார்கள், அது எனக்குத் தெரியும். நீ வைன் தெரிந்தவன் இல்லை, வைனில் நீந்தியவன். எங்கள் தங்கச்சி றெஜினாவின் கலியாணத்தில், ஸ்காபரோ ஹோலில் மைக்கைப் பிடித்து, "அண்ணை மனேச்சர் இல்லை, இத்தாலிக்காரன்ரை தோட்டத்திலை கூடை சுமக்கிறவர்" என்று நானூறு பேருக்கு முன்னால் சிரித்த வாய் அது. அதே வாயால் துப்பவும் செய்துவிட்டாய். இனி என்ன மிச்சம்?

பஸ்ரியன்


ரூஜ், ரொறன்ரோ
14 யூன் 2025

அண்ணாவுக்கு,

பதினாலு வருடத்தில் முதல் கடிதம், அதுவும் வழக்குப் பத்திரம். என் தொலைபேசி இலக்கத்தை அடைத்துவிட்டு இருந்தவருக்கு ஒரு வாய் எச்சில் கண்டதும் பேனா கிடைத்திருக்கிறது. சந்தோசம். அந்தப் புத்தகத்தில் மற்றவர்கள் கையெழுத்து மட்டும்தான் வைத்தார்கள். விலாசம் எழுதியவன் நான் ஒருவன். ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

நான் குடியை விட்டுப் பதின்மூன்று வருடமும் ஏழு மாதமும். செவ்வாய்க்கிழமை தோறும் மாதா கோவிலின் கீழ்த்தளத்தில் என்னைப் போன்றவர்களோடு வட்டமாகக் கதிரை போட்டு இருக்கிறேன். பனி கொட்டினாலும் போவேன். முதல் இரண்டு பண்ணையிலும் ஒரு சொட்டும் தொடவில்லை. பயணத்தை ஒழுங்கு செய்த மார்க்கம் நகரத்துப் பெடியன் மிதுனன், "அங்கிள், பச்சைத் தண்ணி குடிக்கவோ இத்தாலிக்கு வந்தனீங்கள்?" என்று பஸ் முழுவதையும் சிரிக்க வைத்தான். அவனுடைய பட்டியலில் மூன்றாவதாக லூச்சியாவின் பண்ணை இருந்தது. அதற்காகத்தான் போனேன். உங்களைப் பார்க்க வேறு வழி வைத்தீர்களா?

மூன்றாவது கிளாஸை நீங்கள் ஊற்றும்போது லூச்சியா அம்மா உங்களைக் காட்டி, இதைச் செய்தவர் இவர்தான் என்று சொன்னா. அதனால்தான் வாயில் வைத்தேன். எனக்கு அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு விளங்காது. விழுங்கியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுத நான் நிதானத்தில் இருந்திருக்க மாட்டேன்.

இப்போது என் முறை. வாசலில் என்னைக் கண்டதும் என்ன சொன்னீர்கள்? ஆங்கிலத்தில், வெல்கம் சேர், இத்தாலிக்கு முதல் தடவையா என்று கேட்டீர்கள். தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள். உங்கள் தசை கையில் போத்தலோடு அசையாமல் நின்றது.

என் கோட்டுப் பொக்கற்றில் மகள் ஏஞ்சலாவின் கலியாணக் கார்ட் இருந்தது. ஓகஸ்ட் முப்பதாம் திகதி. பன்னிரண்டு வயதில் கடைசியாக உங்களைக் கண்டவள், பெரியப்பா வந்தே ஆகவேண்டும் என்கிறாள். கையில் தரத்தான் கொண்டுவந்தேன். என்னை சேர் என்று கூப்பிடுகிறவருக்குக் கார்ட் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அது என்னோடு திரும்பி வந்துவிட்டது. அனுப்பவா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கிளிபோட்


லிகூரியா
2 யூலை 2025

கிளிபோட்டுக்கு,

நீ குடியை விட்டது நல்லது. இதை வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை, உன் மனிசி ஜோசப்பினுக்காக நெஞ்சாரச் சொல்கிறேன். அவ பட்டது எனக்குத் தெரியும். துப்பியதைப் பற்றி இனி ஒரு சொல்லும் எழுத மாட்டேன். அந்த வழக்கில் நான் தோற்றுவிட்டேன்.

ஆனால் நீ தப்பிவிட்டதாக நினைக்காதே. இந்தப் பதினாலு வருடமும் மனதுக்குள் ஒன்றையே சொல்லித்தான் அந்த மைக்கை மறக்கப் பார்த்தேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு. பேசினது போத்தல், என் தம்பி இல்லை என்று வைத்திருந்தேன்.

இப்போது நீயே எழுதுகிறாய், லூச்சியா அம்மாவின் மேசையில் நல்ல நிதானத்தோடு இருந்தாய் என்று. அப்படியென்றால் இதற்குப் பதில் சொல்லு. நான் நெத்தலித் தட்டை ஏந்திக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் நின்றபோது அந்த மிதுனன் உன்னிடம் தமிழில் கேட்டான்.

"அங்கிள், உவர் எங்கடை ஆள் போலை கிடக்கு. உங்களுக்குத் தெரியுமோ?"

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியாது" என்றாய்.

சேர் என்றது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நீ என்ன மனதோடு வந்திருக்கிறாய் என்று தெரியாமல், முதலாளியம்மா பக்கத்தில் நிற்க, வேறு என்ன சொல்வது? நீ அண்ணா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போத்தலை அந்த இடத்திலேயே போட்டிருப்பேன். இயேசுவைத் தெரியாது என்று இராயப்பரும் மறுதலித்தவர்தான். ஆனால் சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். நீ பஸ் ஏறினாய்.

குடிவெறியில் இருந்த தம்பியை நான் மன்னித்து எத்தனையோ வருடம். நிதானத்தில் இருந்த தம்பியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கார்ட் அனுப்பாதே.

பஸ்ரியன்


ரூஜ், ரொறன்ரோ
18 யூலை 2025

அண்ணாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

மைக்கில் நான் பேசிய அடுத்த கிழமையே சனம் உங்களைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டது. வெறி முறிந்து அதைக் கேட்டபோது நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் மேலே ஒரு பொய்யைப் போட்டு மூடினேன். அண்ணை அப்போது கூடை சுமந்தவர்தான், இப்போது அந்தத் தோட்டத்தையே வாங்கிவிட்டார் என்று சொன்னேன். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் சொன்னேன். மார்க்கத்தில் பிறந்தநாள் விழாவில் சொன்னேன், ரெக்ஸ்டேலில் செத்தவீட்டில் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு ஒரு ஏக்கர் கூட்டிக் கொடுத்தேன், அண்ணா.

மிதுனனுக்கும் சொல்லியிருந்தேன். இத்தாலிக்குப் போகிறோமே, உங்கள் அண்ணையின் தோட்டத்தையும் பார்ப்போமே என்று அவன் கேட்க, அது தெற்கில், தூரம் என்று சமாளித்திருந்தேன். அவன் உங்களைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் ஏப்ரன் கட்டித் தட்டோடு நின்றீர்கள். என் அண்ணை என்று சொன்னால் இரண்டாம் தரமும் உங்களை நான்தான் அவமானப்படுத்தியிருப்பேன். வாய் தெரியாது என்று சொல்லிவிட்டது. உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று பஸ்ஸில் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஜெனோவா வரமுன்னரே விளங்கிவிட்டது, காப்பாற்றியது என்னுடையதை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மனேச்சர் என்று முதல் பொய்யைச் சொன்னது ஆர்? நான் அதற்கு ஏக்கர் போட்டேன், அத்திவாரம் உங்களுடையது.

கார்ட் அனுப்பவில்லை. நீங்கள் சொன்னபடி.

கிளிபோட்


லிகூரியா
8 ஓகஸ்ட் 2025

கிளிபோட்டுக்கு,

உன் ஏக்கர் கதையை வாசித்த ஆத்திரத்தில் அன்றைக்கு அடுக்கிய மதில் கோணலாகப் போய், திரும்பப் பிரிக்க வேண்டியதாயிற்று. பதினாலு ஏக்கர். இந்தக் கரையில் லூச்சியா அம்மாவுக்கே இரண்டுதான்.

மனேச்சர் என்று சொன்னது நான். கனடாவுக்கு முதல் தரம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனுக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. அது என் பிழை. மற்றதெல்லாம் உன்னுடையது.

கார்ட் வந்துவிட்டது. ஏஞ்சலா அனுப்பினாள். உன் கோட்டை வெளுக்கக் கொடுக்கப் போனவள் பொக்கற்றில் கண்டாளாம். மூலை மடிந்துபோயிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். பழைய கதை ஒன்றும் அதில் இல்லை. பெரியப்பா, எந்தப் பாட்டுக்கு ஆடுவீர்கள், இப்போதே சொன்னால்தான் பாட்டுப் போடுகிறவருக்குச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறாள். உனக்கு இப்படி ஒரு பிள்ளை பிறந்தது ஆச்சரியம்தான்.

ரிக்கற் போட்டுவிட்டேன். அவளுக்காக வருகிறேன். விமான நிலையத்துக்கு வராதே, றெஜினாவின் மனிசன் வருவார். உன் வீட்டில் தங்க மாட்டேன். ஹோலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுது படம் எடுப்பிக்கப் பார்க்காதே, கையைத் தட்டிவிடுவேன். வைன் கொண்டுவரவில்லை. உன் மேசையில் எந்தப் போத்தலும் வைக்கக் கூடாது என்று ஏஞ்சலாவுக்கு எழுதியிருக்கிறேன்.

மிதுனனும் வருவான் என்று அவள் சொல்கிறாள். நல்லது. கோட் இல்லாமல், தோட்டத்துக்குப் போடுகிற சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் வருவேன். அவனுக்கு என் முகம் ஞாபகம் இருக்கும். இவர் ஆர் என்று உன்னிடம் திரும்பக் கேட்பான்.

மனேச்சர் என்று சொல்லாதே. முதலாளி என்றும் சொல்லாதே. இந்த முறை நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கப் போவதில்லை, முன்னால் நிற்பேன். நீ சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட இருப்பேன்.

ஏஞ்சலாவின் பெரியப்பா,
பஸ்ரியன்