செட்டைக்குள் எலும்பு

மார்ச் 3, ஞாயிறு

காலையிலேயே மங்களேஸ்வரி அக்கா தொலைபேசியில் பிடித்துவிட்டார். சித்திரை ஒன்றுகூடலுக்கு நாடகம் நான்தான் எழுத வேண்டுமாம். "தம்பி, போன வருசம் பட்டிமன்றம் வைச்சு சனம் முழுக்க நித்திரை. இந்தமுறை சிரிக்க வையுங்கோ." கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்வது வருடத்தில் அந்த ஒரு மாலைதான். அக்கா வங்கியில் முகாமையாளர். அவரிடம் இல்லை என்று சொல்லித் தப்பியவர்கள் குறைவு. ஓம் என்றேன்.

என்ன எழுதுவது? இன்று முழுக்க ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இருந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. "நடந்து நடந்து வீட்டு நிலத்தைத் தேய்க்காதேங்கோ" என்றாள் மனைவி நிரஞ்சலா. எங்கள் ஒழுங்கையில் இன்னொரு வீடும் காலி. ஒரு வார்த்தை சொல்லாமல் வெளிநாடு போய்விட்டார்கள். வாசலில் 'வாடகைக்கு' என்று மட்டை தொங்கியபோதுதான் தெரியும். என்ன சனமோ!

மார்ச் 6, புதன்

நான் படிப்பிக்கிற உயர்தர வகுப்பில் கூர்ப்பு, பரிணாமப் பாடம், நடக்கிறது. பல கோடி வருடங்களுக்கு முன் மீன் கரையேறின கதை. கலஹாவிலிருந்து வரும் சர்மிளா கையைத் தூக்கினாள். "சேர், அந்த மீனு ஏன் சேர் தண்ணிய விட்டு வந்துச்சு? உள்ள சாப்பாடு கெடைக்கலையா?" மீனுக்கு நோக்கம், திட்டம் ஒன்றும் கிடையாது என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். "அப்ப அதுக்கே தெரியாமலா சேர் வந்துருச்சு?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்.

நாடகம் கிடைத்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

நிரஞ்சலாவுக்கு இன்றும் வேலையாம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவளுக்கு ஞாயிறு ஏது? வீடு எனக்கு மட்டும். ஒரே இருப்பில் எழுதி முடித்தேன்.

கதை இதுதான். ஒரு மீன் குடும்பம். மகளுக்கு நீந்துகிற செட்டைக்குள் எலும்பு வைக்கிறது. அவள் இரகசியமாக மேலே போய்க் காற்றை விழுங்கிப் பழகுகிறாள். பக்கத்துப் பாறை மாமிக்கு மூக்கில் வியர்க்கிறது.

மாமி: ஏன் பிள்ளை அடிக்கடி மேல போய் வாயைத் திறக்கிறாள்?
தாய்: அவளுக்கு வயித்துக்குள்ள வாய்வு, அக்கா.
மாமி: செட்டையும் தடிச்சுக் கிடக்குது?
தாய்: அது வாதம். (மகளிடம் மெல்ல) கரையில ஏறி நிண்டாப்பிறகு சொல்லுவம். இப்ப சொன்னால் கண்ணூறு பட்டு எலும்பு உதிர்ந்துபோகும்.
தகப்பன்: கரைக்குப் போன ஒருத்தரும் இண்டைவரைக்கும் திரும்பி வரேல்லையே?
மகள்: அப்ப நல்லாத்தான் இருக்கினம்.

கடைசியில் மகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் ஏறினால், அங்கே மாமி முதலே குந்தியிருக்கிறாள். "நீயும் வந்திட்டியே? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எழுதிவிட்டு நானே சத்தமாகச் சிரித்தேன். பரிசு தரலாம் எனக்கு.

மார்ச் 17, ஞாயிறு

அக்கா வீட்டு மேல்மாடியில் வாசிப்பு. சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தகப்பன் மீனாக நடிக்கும் பிரணவன், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பிப்பவன், இருமிக்கொண்டே இருந்தான். மாமி மீன் அக்காதான். முகத்தை உம்மென்று வைத்திருந்தார். நிரஞ்சலா பாதியில் எழுந்து தேத்தண்ணி போடப் போனாள், வரவேயில்லை.

அவ்வளவு மோசமாகவா எழுதியிருக்கிறேன்?

மார்ச் 18, திங்கள்

பள்ளிக்கூட வாசலுக்கே பிரணவன் வந்துவிட்டான்.

"மச்சான், உனக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

"நடிக்காதை. மெடிக்கலுக்குப் போகேக்க நாங்கள் வீட்டில சொன்ன வாதம், வாய்வு எல்லாம் எழுதியிருக்கிறாய். நாங்கள் கனடாவுக்கு விண்ணப்பம் போட்டது என்ர அம்மாவுக்கே தெரியாது."

எனக்கும் இந்த நிமிடம்வரை தெரியாது என்றேன். அவன் முகம் செத்துப்போனது. நுணலும் தன் வாயால் கெடும். வாதத்தை வெட்டச் சொன்னான், வெட்டினேன். மகள் மீனாக நடிக்க இருந்த அவன் மனைவி இனி நடிக்கமாட்டாளாம், அதுவே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

மார்ச் 19, செவ்வாய்

அக்கா கூப்பிட்டார். "தம்பி, அந்த மாமியில என்ர சாடை கிடக்குது."  தானாகவே தொடர்ந்தார். மகன் இலண்டனுக்குக் கூப்பிட்டிருக்கிறானாம், எல்லாம் சரியாம், விசா குத்தும்வரைக்கும் வெளியே விடக்கூடாதாம். "கரையில குந்தியிருக்கிற இடத்தை எடுத்துப்போடுங்கோ." எடுத்தேன். கண்ணூறையும் எடுக்கச் சொன்னார். கண்ணூறு பட்டுவிடுமாம்.

மார்ச் 21, வியாழன்

ஆசிரியர் அறையில் இரசாயனவியல் ஸெய்னுலாப்தீன் சேர் நாடகத்தை வாங்கி வாசித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாடா, ஒரு இரசிகர்! பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தி என்னை ஆய்வுகூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். "சேர், உண்மையச் சொல்லுங்க, இது என்னப் பத்தித்தானே? கட்டார்ல எனக்கு வேல சரியாகி ஈக்கிது. பிரின்சிபலுக்குத் தெரிஞ்சா முடிஞ்சி."

காற்று விழுங்குகிற காட்சியும் போச்சு.

மார்ச் 22, வெள்ளி

வெட்டியது போக மிச்சம்: மீன்கள் தண்ணீரில் நீந்துகின்றன. ஒரு பாட்டு. திரை.

மார்ச் 24, ஞாயிறு

மத்தியானம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த நிரஞ்சலா அதை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆளும் வந்தாச்சு, என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "எல்லாம் தெரியும். எப்ப பிளேன்?" என்றேன்.

"ஜூலை" என்றாள்.

ஸ்கொட்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. நேர்முகம் முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. கூட வேலை செய்கிறவளின் வீட்டில் இருந்து நேர்முகத்துக்குப் படித்திருக்கிறாள்.

மார்ச் 25, திங்கள்

ஏன் எனக்குச் சொல்லேல்லை? நாலு வருசம் ஒரே வீடு, ஒரே சட்டி. ஊருக்குச் சொல்லாட்டிப் பரவாயில்லை — நானும் ஊரோ? நான் பக்கத்துப் பாறை மாமியோ? ஊரில இருக்கிற எல்லாற்றை இரகசியமும் என்னட்டை வந்து கொட்டுப்படுது, என்ர மனிசியின்ரை மட்டும் கடைசியா வருது!

கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் பகிடி விடுவியள். நானும் சிரிப்பன். சிரிச்சாப்பிறகு நான் போகமாட்டன்." அழாமல்தான் சொன்னாள்.

அந்த நேரத்திலும் 'ஸ்கொட்லாந்துக் குளிருக்கு மீன் விறைச்சுப்போகும்' என்று ஒரு பகிடி என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் கண்டுவிட்டாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

"தேத்தண்ணி வைச்சிருக்கு." "ம்." இதுதான் வீட்டில் பேச்சு.

பேராதனைப் பூங்காவைச் சுற்றிச் சும்மா நடந்துவிட்டு வந்தேன். கோபம் மட்டும் என்றால் இவ்வளவு நாள் தாங்காது. பயம். அவளுக்கு அங்கே நுணுக்குக்காட்டி இருக்கும், இரத்தம் எங்கேயும் சிவப்புத்தான். நான் தமிழில் உயிரியல் படிப்பிக்கிறவன். கூர்ப்பு என்ற சொல்லை அங்கே யாருக்குச் சொல்வேன்? பிள்ளைகளுக்கு இன்று சொன்னேன்: கரைக்கு வந்த பிறகு கால் முளைக்கவில்லை, கால் தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டது. இதைப் பத்து வருடமாகச் சொல்கிறேன். பக்கத்தில் படுத்திருந்தவளின் காலை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

மகள் மீனுக்கு ஆள் இல்லை என்று அக்கா தலையில் கைவைத்தார். "நான் செய்யிறன்" என்றாள் நிரஞ்சலா. என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 27, சனி

எப்படி எழுதுவது இதை.

மண்டபம் நிறைந்த சனம். மீன்கள் நீந்தின. பாட்டு முடிந்தது. திரையை இழுக்கப் போனேன். நிரஞ்சலா நடுமேடையில் நின்று காற்றை விழுங்கத் தொடங்கினாள். வெட்டின காட்சி! சனம் சிரித்தது. தாய் மீனின் வரியையும் அவளே சொன்னாள், "அவளுக்கு வயித்துக்குள்ள வாய்வு." மண்டபம் அதிர்ந்தது. பிரணவன் முழிபிதுங்க நின்றான். பிறகு, என்ன நினைத்தானோ, தொண்டையைச் செருமி, "கரைக்குப் போன ஒருத்தரும் இண்டைவரைக்கும் திரும்பி வரேல்லையே?" என்றான்.

"அப்ப நல்லாத்தான் இருக்கினம்."

அவள் கரையில் ஏறும்போது கரைப்பக்கம் வெறுமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குந்தினார். "நீயும் வந்திட்டியே? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை!" சனம் கதிரையில் அடித்து அடித்துச் சிரித்தது. பலபேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் சிரித்தார்கள்.

நான் எழுதாத ஒரு வரியை அவள் சொன்னாள். "எனக்கும் பயமாத்தான் கிடக்குது, மாமி. ஆனால் உள்ளுக்க மூச்சு முட்டுது."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் திரைப்பக்கம், என்னைப் பார்த்தாள். கயிறு என் கையில் இருந்தது, இழுக்கத் தெரியவில்லை. யாரோ வந்து இழுத்தார்கள்.

மே 5, ஞாயிறு

"நானும் வரட்டோ?" என்றேன்.

"பகிடியோ?"

"இல்லை. உயர்தரப் பிள்ளையளைச் சோதினைக்கு விட்டிட்டு வாறன். அங்க என்ன செய்வனோ தெரியாது. நீர் இல்லாமல் இஞ்ச இருக்கேலாது எண்டு மட்டும் தெரியும்."

 என் தோளில் சாய்ந்து, அன்றைக்கு அழாததையெல்லாம் அழுதாள்.

ஜூலை 14, ஞாயிறு

கட்டுநாயக்கா விமான நிலையம். அவள் உள்ளே போனபின்பும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாடகை வான்காரர் வந்து கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 3, சனி

கண்டியில் பேச்சு ஆங்கில வகுப்பு, முதல் நாள். எல்லாரும் என்னைவிட இளசு. படிப்பிக்கிற பிள்ளைக்கு என் மாணவியின் வயதுதான் இருக்கும். ஒவ்வொருவராக எழுந்து, ஏன் ஆங்கிலம் படிக்க வந்தோம் என்று ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டும். வேலைக்கு என்றான் ஒருவன். மேற்படிப்புக்கு என்றாள் ஒருத்தி. என் முறை வந்தது. எழும்பினேன். எல்லாரும் இந்த வயதுபோன ஆள் என்ன பகிடி விடப்போகிறார் என்பதுபோல் பார்த்தார்கள். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்து, "என் மனைவி அங்கே இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பிழை இல்லை என்றாள் அந்தப் பிள்ளை.